அரை மில்லி

மத்திய வீதியில் போன் கடைக்கு மேலே
என் பார்லர்.
ஏசிக்குக் கீழே சட்டம் போட்ட சான்றிதழ்:
வெள்ளவத்தையில் இரண்டு நாள் பயிற்சி,
மத்தியானச் சாப்பாட்டோடு.

நிறஞ்சலாவுக்கு வங்கியில் வேலை.
மூக்கோரம் தொடங்கி வாயோரம் இறங்கும் கோடு
வீடியோக் கோலில் தன்னைக் களைத்தவளாய்க் காட்டுதாம்.
"பயமில்லையே அக்கா?"
நுளம்பு கடிச்ச மாதிரி, என்றேன்.
நுளம்பு கடித்து இந்த ஊரில்
எத்தனை பேர் வார்ட்டில் கிடந்தார்கள் என்பது
அப்போது ஞாபகம் வரவில்லை.

புட்டி யாரோ ஒருத்தியின் பயணப் பெட்டியில் வந்தது,
சட்டைகளுக்கும் சொக்லேட்டுக்கும் நடுவே.
ஒட்டியிருந்த தாளில் எனக்குத் தெரியாத எழுத்து.
விலை மட்டும் தெரிந்தது.

அரை மில்லி கூட முடியவில்லை,
மூக்கின் ஓரம் வெளுத்தது,
நிலாவெளி உப்பளத்து வெள்ளை.
"நோகுது அக்கா. இது ஊசி நோவில்லை,
வேறை நோ."

பயிற்சியில் ஒரு படம் காட்டினார்கள்.
'இரத்தக் குழாய்க்குள் போனால்' என்று தலைப்பு.
சோறு ஆறுது என்று
ரீச்சர் அதைத் தாண்டிப் போனா.

நான் ஐஸ் வைத்தேன்.
அடைபட்ட இடத்தில் குளிர் வைத்தால்
மிச்சக் குழாயும் சுருங்கும் என்று பிறகு தெரிந்தது.
பிறகு எல்லாமே தெரிந்தது.
வீக்கம்தான், விடிய வடியும்,
படம் எடுத்து அனுப்பு என்று
படியிறக்கி விட்டேன்.
காசும் வாங்கினேன்.
இந்த வரியை விட்டுவிடலாமா என்று பார்த்தேன்.

ஒன்பது மணிப் படத்தில் சிவப்பு.
பதினொன்றில் ஊதா.
மூன்று மணிப் படத்தில்
கன்னத்துக்குள் ஒரு வலை,
கண்ணி கண்ணியாய், நீலமாய்.
கீழே எழுதியிருந்தாள்:
மேலுதடு இருக்கிறதே தெரியேல்லை.

ஓட்டோ பிடித்துப் போய் அவளை ஏற்றினேன்.
வழியில் மான்கள் வீதிக்குக் குறுக்கே நின்றன.
ஓட்டோக்காரர் கோன் அடிக்கமாட்டார்,
மானுக்கு அடிக்கக் கூடாதாம்.
என் வாழ்க்கையில் முதல் தடவையாய்
ஒரு மானைத் தூஷணத்தால் ஏசினேன்.
அது ஆறுதலாய்க் கடந்தது.

அவசரப் பிரிவில் தூக்கம் கலையாத இளம் டொக்டர்.
"என்ன மருந்து?"
புட்டியை மேசையில் வைத்தேன்.
வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார்.
"இது எந்தப் பாஷை?"
தெரியாது.
"எவ்வளவு ஆழத்தில் போட்டீங்கள்?"
தெரியாது.
"எத்தனை மணிக்கு?"
இது தெரியும். பின்னேரம் நாலேகால்.
அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு கண்ணாய்ப் பொத்தி
விரல்களை எண்ணச் சொன்னார்.
மூன்று. இரண்டு. மூன்று.
கண்ணுக்குப் போற குழாயும் இதுவும்
ஒரே வீட்டுக்காரர், என்றா தாதி,
எனக்குக் கேட்கவேண்டுமென்றே.

கரைக்கிற ஊசி இருக்குதாம், கண்டியில்.
உள்ளே போனது கரையக்கூடிய சாமானென்றால்
கரையுமாம். இல்லையென்றால்,
என்று தொடங்கிய டொக்டர் முடிக்கவில்லை.
முதல் பஸ்ஸில், கொண்டக்டரின் காலடியில்,
ஐஸ் பெட்டிக்குள் அது வந்தது.
அந்த ஐஸ் சரியான ஐஸ்.

பதினொரு மணிக்கு முதல் ஊசி,
பிறகு மணிக்கு மணி.
கரைந்தது.
அதில் என் கெட்டித்தனம் எதுவுமில்லை,
புட்டிக்குள் அப்படி இருந்தது, அவ்வளவுதான்.
கண் தப்பியது.
மூக்கோரம் ஒரு நகமளவு
கறுத்து, காய்ந்து, விழுந்தது.

சான்றிதழைக் கழற்றிவிட்டேன்.
உதட்டுக்குக் கேட்டு வருகிற பிள்ளைகளிடம்
டொக்டரிட்டப் போங்கோ, போனதும்
கரைக்கிற மருந்து கையில இருக்கோ எண்டு
முதல் அதைக் கேளுங்கோ, என்கிறேன்.
தலையாட்டிவிட்டு
அடுத்த தெருப் பார்லருக்குப் போகிறார்கள்.
அங்கே சட்டம் போட்டதொன்று இருக்கிறது.

ஐந்து மாதம் கழித்து நிறஞ்சலா வந்தாள்.
"புருவம் மட்டும்."
வேறொன்றும் பேசவில்லை.
கதிரையில் சாய முன்
இடக் கண்ணைப் பொத்திக்கொண்டு
சுவரிலிருந்த கலண்டரை வாசித்தாள்:
பதினேழு, வியாழன்.
கையை மாற்றினாள்.
நூலைப் பல்லில் கவ்வியபடி
நின்றேன்.